தடித்த கம்பி வளைவைத் திருத்தாது

மோட்டார் வாகனப் பிரியர்களிடையே வேரூன்றியிருக்கும் அபிப்பிராயங்களுள், ஆராய்ந்து பார்க்கப்படாமலேயே சித்தாந்தமாகிவிட்ட ஒன்று உண்டு. கார் வளைவில் சாய்கிறது. சாய்வதனால் பிடிப்பை இழக்கிறது. ஆகவே முன்புறத்து ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடித்த ஒன்றைப் பூட்டினால் சாய்வு குறையும், சாய்வு குறைந்தால் வளைவில் பிடிப்பும் வேகமும் கூடும் என்பதே அது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கார்களை மாற்றியமைத்துத் தரும் பட்டறைகளில் இந்த வாதத்தைக் கேளாதவர் இருக்க முடியாது. பழைய ஸ்விஃப்டையோ போலோவையோ வாங்கிய இளைஞர் ஒருவர், டயரைப் பற்றியோ ஷாக் அப்சார்பரைப் பற்றியோ யோசிப்பதற்கு முன்பாகவே, எத்தனை மில்லிமீட்டர் பார் போடலாம் என்று விசாரிக்கத் தொடங்குகிறார். சொல்வோரும் அதையே சொல்வதால், அவருடைய நம்பிக்கை மேலும் உறுதிப்படுகிறது.

இந்த நம்பிக்கை தவறானது என்பதே என் கட்சி. எல்லாக் கார்களுக்கும் எல்லாச் சந்தர்ப்பங்களிலும் தவறு என்று நான் சொல்லவில்லை. அது செல்லுபடியாகும் இடத்தையும் பின்னால் குறிப்பிடுவேன். ஆனால் நம் சாலைகளில் மிகுதியாக ஓடுகிற, எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே இருந்து முன்சக்கரங்களையே இயக்குகிற சிறு கார்களைப் பொறுத்தமட்டில், முன் பாரைத் தடிப்பாக்குவது வளைவில் காரின் திறமையைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் குறைக்கவே செய்கிறது என்பதை, விருப்புவெறுப்பின்றி விஷயத்தை அணுகும் எவரும் ஒப்புக்கொள்ள நேரும்.

முதலில் இந்தப் பார் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இரு முனைகளும் ஒரே பக்கமாக மடங்கிய, வில் எஃகாலான கம்பி அது. வண்டியின் அடியில் குறுக்காகக் கிடந்து, இரண்டு ரப்பர் புஷ்களால் சப்ஃபிரேமோடு பிணைக்கப்பட்டு, முனைகளில் லிங்க் எனப்படும் சிறு தண்டுகளின் வாயிலாக இடச் சக்கரத்தின் அமைப்பையும் வலச் சக்கரத்தின் அமைப்பையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நிற்கிறது. இரு சக்கரங்களும் ஒருசேர ஏறி இறங்கும்போது அது புஷ்களுக்குள் உருண்டு கொடுக்குமேயன்றி எதிர்ப்புக் காட்டாது. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கும்போதுதான் முறுக்கேறி, அந்த வேற்றுமையைக் குறைக்க முயலும். கனடா தேசத்தவரான ஸ்டீஃபன் கோல்மன் என்பவர் 1919-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். இதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுவது; 22 மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பதிலாக 24 மில்லிமீட்டர்க் கம்பியைப் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 40 சதவீதமும், 25 மில்லிமீட்டர் போட்டால் மூன்றில் இரண்டு பங்கும் கூடிவிடும். கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சிறு வித்தியாசம் காரின் சுபாவத்தையே மாற்ற வல்லது என்பதை, மில்லிமீட்டர்க் கணக்கில் பேரம் பேசுவோர் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி மூல வாதத்துக்கு வருவோம். சாய்வு வேறு, பாரம் இடம் மாறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதிலிருந்தே பிழை தொடங்குகிறது. கார் வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் பாரத்தின் மொத்த அளவு, காரின் எடை, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம், திருப்பத்தில் எழும் பக்கவாட்டு முடுக்கம் ஆகிய நான்கைப் பொறுத்ததேயன்றிக் கார் எவ்வளவு சாய்ந்தது என்பதைப் பொறுத்ததன்று. 1000 கிலோ எடையுள்ள கார். ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சக்கர அகலம் 150 சென்டிமீட்டர். புவியீர்ப்பில் பத்தில் ஆறு பங்கு விசையோடு அது வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். 220 கிலோ பாரம் உள்ளிருந்து வெளியே மாறியே தீரும். ஸ்பிரிங்குகளை இரும்புத் தூண்களாக மாற்றிச் சாய்வே இல்லாமல் செய்துவிட்டாலும் அது மாறும். உடல் சாய்வதால் ஈர்ப்பு மையம் சற்றே வெளிப்புறம் நகர்ந்து இன்னும் ஒரு சிறு தொகை கூடுமென்பது வாஸ்தவம். ஆனால் சாய்வில் ஒரு பாகையைக் குறைப்பதால் மிச்சமாவது ஐந்து கிலோவுக்கு அருகிலேதான் நிற்கும். இந்த அற்பமான லாபத்துக்காகவா இத்தனை ஆரவாரம்?

அப்படியானால் பார் எதைத்தான் தீர்மானிக்கிறது? மாறியே தீரவேண்டிய அந்த 220 கிலோவில் முன்சக்கரங்கள் எவ்வளவு சுமப்பது, பின்சக்கரங்கள் எவ்வளவு சுமப்பது என்னும் பங்கீட்டையே தீர்மானிக்கிறது. குடும்பத்தின் கடன் இவ்வளவென்று ஏற்பட்டுவிட்ட பிறகு, அதில் மூத்தவன் பங்கு எவ்வளவு, இளையவன் பங்கு எவ்வளவு என்பதைத்தான் பஞ்சாயத்தார் முடிவு செய்ய முடியும். கடனை இல்லையென்றாக்க முடியாது. முன்புறத்தை விறைப்பாக்கினால் முன்புறத்தின் பங்கு கூடுகிறது. பின்புறத்தின் பங்கு அதே அளவு குறைகிறது.

இந்தப் பங்கீடு ஏன் முக்கியம் என்பதற்கு விடை டயரின் சுபாவத்தில் இருக்கிறது. டயரின் மேல் ஏற்றும் பாரம் இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை. அதற்குக் குறைவாகவே கூடுகிறது. ஆகையால் ஒரே அச்சிலுள்ள இரண்டு டயர்கள் ஒரு பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுச் சுமக்கும்போது கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, அதே பாரத்தை ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று சொற்பமாகவும் சுமக்கும்போது கிடைப்பதில்லை. மேலே சொன்ன காரில் 620 கிலோ முன்னாலும் 380 கிலோ பின்னாலும் இருப்பதாகக் கொண்டு கணக்கிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த பாருடன் 130 கிலோ முன்புறத்தில் மாறுமானால் வெளி முன்சக்கரம் 440 கிலோவும் உள் முன்சக்கரம் 180 கிலோவும் சுமக்கும். தடித்த பாரைப் போட்டு அந்த 130-ஐ 155 ஆக்கினால் வெளிச் சக்கரம் 465, உள் சக்கரம் 155. ஏற்கெனவே எஞ்சினின் எடையைத் தாங்கி, வண்டியை இழுத்து, திசையையும் திருப்பிக்கொண்டு திணறுகிற வெளி முன்டயரின் மேல் மேலும் 25 கிலோவை ஏற்றுகிறோம். உதவிக்கு வந்திருக்கக்கூடிய உள் டயரிலிருந்து அதே 25 கிலோவைப் பறிக்கிறோம். விளைவு, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப மூக்கு வளைவுக்கு உள்ளே வராமல் வெளிப்புறமாகவே ஓடுகிற அண்டர்ஸ்டியர். வளைவில் பிடிப்பு வேண்டும் என்று கேட்டவருக்கு நாம் கொடுத்தது இதுதான்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று தள்ளிவிடுவோர் சரித்திரத்தைப் பார்க்கட்டும். அமெரிக்காவில் செவ்ரலே நிறுவனம் 1960-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட கோர்வேர் என்னும் காரில் எஞ்சின் பின்னால் இருந்தது. எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்களின் மேல் விழுந்தது. பின்சக்கரங்களோ வளைவில் உட்புறமாக மடங்கக்கூடிய ஊசல் அச்சுகளில் அமைந்திருந்தன. வளைவில் பின்புறம் திடீரென வெளியே பாயும் அபாயம் அந்த அமைப்பிலேயே குடிகொண்டிருந்தது. முன்புறத்தில் ஒரு ஸ்டெபிலைசர் பார் இருந்திருந்தால் அந்த அபாயம் வெகுவாகத் தணிந்திருக்கும். அது சாதாரண மாடலில் கொடுக்கப்படவில்லை. பாருக்குப் பதிலாகக் காற்றழுத்த வேற்றுமையை நம்பி, முன்டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின்டயருக்கு 26 பிஎஸ்ஐ என்று அழுத்தம் வைக்கச் சொன்னார்கள். அதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் அறிந்திருக்கவுமில்லை, கடைப்பிடிக்கவுமில்லை. 1964-ஆம் ஆண்டு மாடலில்தான் முன் பார் எல்லாக் கோர்வேர்களுக்கும் வந்து சேர்ந்தது. பின்புறத்தில் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் ஒன்றும் சேர்க்கப்பட்டது. கார்களின் பாதுகாப்பின்மையைப் பற்றி 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது, முன் பாரை எந்தக் காரியத்துக்காகச் சேர்த்தார்கள் என்பதே. காரின் மொத்தப் பிடிப்பைக் கூட்டுவதற்காகச் சேர்க்கவில்லை. முன்சக்கரங்கள் முதலில் தம் பிடிப்பை விட்டுக்கொடுத்துவிட வேண்டும், அதன் பயனாகப் பின்சக்கரங்கள் தரையை விடாதிருக்க வேண்டும் என்பதற்காகவே சேர்த்தார்கள். பின்புறம் துள்ளும் காருக்கு அது தக்க மருந்து. முன்புறம் ஏற்கெனவே கனத்து, ஏற்கெனவே அண்டர்ஸ்டியரால் அவதிப்படுகிற காருக்கு அதே மருந்தை இன்னும் வலுவாகக் கொடுப்பவர், நோயின் தன்மையை விசாரிக்காமலே கொடுக்கிறவர்.

முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் வளைவுக்குப் பேர்போனவற்றை எடுத்துப் பாருங்கள். 1976-இல் வந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ வேகமாக வளையும்போது அதன் உள் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி நிற்கும் புகைப்படங்கள் எத்தனையோ உண்டு. அது விபத்தன்று, பின்புறத்து விறைப்பைக் கூட்டி, பாரம் மாறுவதில் பெரும்பங்கைப் பின்சக்கரங்களின் தலையில் போட்டு, முன் டயர்கள் இரண்டையும் வேலைசெய்யும் நிலையில் வைத்திருந்ததன் அடையாளம் அது. சாய்வே பிடிப்புக்குப் பகை என்போருக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோவன் 2சிவி காரில் ஸ்டெபிலைசர் பார் என்பதே இல்லை. பார்ப்பவருக்கு அச்சமூட்டும்படி அது சாயும். ஆயினும் சக்கரங்கள் தரையைப் பற்றிக்கொண்டு வளைவைக் கடந்துவிடும் என்பதை அதை ஓட்டிய பிரெஞ்சுக் கிராமவாசிகள் அனைவரும் அறிவர். சாய்வு பயணியின் மனத்துக்கு அசௌகரியம் தரலாம். பிடிப்பின் அளவுகோல் அதுவன்று.

எதிர்க்கட்சியாரிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நியாயமாகாது. மெக்ஃபர்சன் ஸ்டிரட் அமைந்த கார்களில் உடல் சாயும்போது வெளிச் சக்கரத்தின் தலைப்பாகம் வெளிப்புறமாகச் சரிந்து, டயரின் முழு அகலமும் தரையில் படியாமல் வெளி விளிம்பிலேயே நிற்கிறது. சாய்வைக் குறைத்தால் டயர் தட்டையாகப் படியும், அந்த லாபம் பாரத்தால் வரும் நஷ்டத்தைவிட மிஞ்சக்கூடும் என்கிறார்கள். டயர் விளிம்பு தேய்வதை நானும் பார்த்திருக்கிறேன்; அந்த விளைவு மெய்யே. ஆனால் இதிலிருந்து முன் பாரையே தடிப்பாக்க வேண்டும் என்ற முடிவு எப்படிக் கிடைக்கும்? காரின் உடல் ஒரே கட்டுமானம். முன்புறம் ஒரு பாகையும் பின்புறம் இன்னொரு பாகையுமாக அது தனித்தனியே சாய்வதில்லை. சாய்வைக் குறைக்கும் விறைப்பைப் பின்புறத்தில் சேர்த்தாலும் முன்சக்கரத்தின் சரிவு அதே அளவு குறையும். அத்தோடு முன்புறத்தில் பாரம் மாறுவதும் குறையும். இரண்டு லாபங்களையும் ஒருங்கே தரும் வழி இருக்கையில், ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிக்கும் வழியைச் சிலாகிப்பானேன்? பட்டறையில் சக்கரச் சரிவையே நேராகச் சீர்செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவும் குறைவு.

ஸ்டியரிங் கூர்மையாகிவிட்டது, திருப்பியவுடன் கார் திரும்புகிறது என்று தடித்த பார் போட்டவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வதையும் நான் பொய்யென்று ஒதுக்கவில்லை. வளைவில் நுழையும் முதற்கணத்தில் உடல் விரைவாக நிலைகொள்வதால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் நுழைவின் கூர்மை வேறு, வளைவின் நடுவில் கிடைக்கும் பிடிப்பு வேறு. முதற்கணத்தின் அனுபவத்தைப் பெரிதும் ஆள்வது ஷாக் அப்சார்பர். அது தளர்ந்துபோன காரில் பாரை மாற்றிவிட்டு, பாரின் மகிமையென்று கொண்டாடுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த முன் பார் மோகம் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் எனப்படும் கூம்புகளுக்கிடையே ஓட்டும் போட்டிகளில், மாற்றியமைக்காத கார்களுக்கான பிரிவில் வெகுகாலம் பார்களில் முன் பாரை மட்டுமே மாற்ற விதி இடமளித்தது. மாற்றத்தக்க பார் அது ஒன்றே என்றிருந்தபோது எல்லோரும் அதையே மாற்றினார்கள். பின்னர் விதி தளர்ந்து, முன்னோ பின்னோ ஏதேனும் ஒன்றை மாற்றலாம் என்றானதும், முன்சக்கர இயக்கமுள்ள காரோட்டிகளில் பலர் பின் பாரின் பக்கம் போய்விட்டார்கள். மாறாக, 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பின்சக்கர இயக்கமுள்ள இலகுவான கார்களில் முன் பாரைத் தடிப்பாக்குவது மிகவும் நியாயமான காரியம். உள் பின்சக்கரம் தரையில் அழுந்தி நின்று, வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டியை உந்தித் தள்ள அது உதவுகிறது. அங்கே உந்தும் சக்கரம் பின்னால் இருக்கிறது. நம் காரில் அது முன்னால் இருக்கிறது. அந்தக் காருக்குச் சொன்ன உபதேசத்தை அப்படியே இந்தக் காருக்கு எடுத்துக்கொள்வது, காரணத்தை விட்டுக் காரியத்தை மட்டும் பற்றிக்கொள்வதாகும்.

இதன் பலனைக் கண்கூடாகக் காண விரும்புவோர் கொல்லிமலைக்குப் போகலாம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். தடித்த முன் பார் பூட்டிய நண்பர் ஒருவரின் காரில் அந்த மலைமேல் நான் பக்கத்து இருக்கையில் சென்றிருக்கிறேன். இடப்புறம் திரும்பும் குறுகலான வளைவுகளில் சாலையின் உள் ஓரம் செங்குத்தாக ஏறும், வெளி ஓரம் படிந்து கிடக்கும்; முறுக்கிய பலகைபோன்ற அந்தத் தரையில் நான்கு சக்கரங்களும் படியவேண்டுமானால் முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சுதந்திரமாக ஏறி இறங்க வேண்டும். தடித்த பார் அந்தச் சுதந்திரத்தைத்தான் முதலில் பறிக்கிறது. இரண்டாவது கியரில் வளைவின் நடுவே அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது உள் முன்சக்கரம் கீச்சிட்டுச் சுழன்றது, எஞ்சினின் ஓசை உயர்ந்தது, வண்டி ஏறவில்லை, ரப்பர் கருகும் வாடை ஜன்னல் வழியே வந்தது. சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கே மற்றச் சக்கரத்துக்கும் விசையை அனுப்பும். உள் சக்கரத்தின் பாரத்தைப் பறித்தவர், ஏற்றத்தில் வண்டியை இழுக்கும் சக்தியையும் பறித்துவிட்டார். சமவெளிக்கு வந்தாலும் சங்கடம் தீரவில்லை. ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் கம்பி அந்த அதிர்ச்சியை மறுபக்கத்துக்கும் கடத்தியது.

பழைய மாருதி 800 வைத்திருப்போருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்தக் காரில் முன் பார் வெறும் முறுக்குக் கம்பி மாத்திரமன்று; லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிறுத்துவதும் அதுவே. விறைப்பான வேறொரு கம்பியை அங்கே புகுத்தி, அதன் வளைவு சற்றே பிசகினால் சக்கரத்தின் நிலையே பிசகிவிடும். கார் ஒரு பக்கம் இழுக்கிறதென்று பிறகு பட்டறை பட்டறையாக அலைவதில் பயனில்லை.

இத்தனையும் சொன்னதனால் பின் பாரை உடனே தடிப்பாக்குங்கள் என்று நான் உபதேசிப்பதாக எவரும் கருத வேண்டாம். பின்புறத்தை அளவுக்கு மீறி விறைப்பாக்கினால் மழைக்கால ஈரத்தில் பின்சக்கரங்கள் வழுக்கி, வண்டி சுழன்றுவிடும் அபாயம் உண்டு. தயாரிப்பாளர் அண்டர்ஸ்டியரை வேண்டுமென்றே வைத்திருப்பதும் சாமானிய ஓட்டுநரை அதிலிருந்து காப்பாற்றுவதற்கே. ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்றவற்றின் பின்புறத்திலுள்ள டார்ஷன் பீம் ஓரளவு ஸ்டெபிலைசர் பாரின் வேலையைத் தானே செய்கிறது. ஆகவே அங்கே கைவைப்பவர் சிறிதளவே கைவைக்க வேண்டும். நல்ல டயர்களோடும், ஆளில்லாத மைதானத்தில் பழகிய கைகளோடும் வைக்க வேண்டும்.

வாசகருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். வளைவில் கார் சொன்னபடி கேட்கவில்லை என்று தோன்றினால், பணத்தை எடுத்துக்கொண்டு பாருக்கு ஓடுமுன், டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3517 என்றிருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். தடங்கள் ஆழமாகத் தெரிந்தாலும் அதன் ரப்பர் இறுகிப்போயிருக்கும். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் சோதியுங்கள். மெக்கானிக்கிடம் சொல்லி லிங்க்கின் பந்து மூட்டை ஆட்டிப் பார்க்கச் செய்யுங்கள். பாரைப் பிடித்திருக்கும் புஷ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்து லிங்க்கைக் கழற்றவிடாதீர்கள். பார் முறுக்கேறி நிற்கும், போல்ட் துளையோடு பொருந்தாது. இரு முன்சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்கியே அந்த வேலையைச் செய்ய வேண்டும். தளர்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றி, சக்கர அலைன்மென்ட்டைச் சரிபாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மூக்கு வெளியே ஓடுகிறதென்றால் வேகத்தைக் குறையுங்கள். அதுவும் போதாதென்றால் பின் பாரைப் பற்றி, விவரமறிந்த ஒருவரிடம் பேசுங்கள். முன் பாரைத் தயாரிப்பாளர் கொடுத்தபடியே விட்டுவிடுங்கள்.